கணக்கு வாத்தியாரின் வளர்ச்சி

எங்கள் பள்ளிக்கு அரசாங்கம் செலவு செய்யவில்லை என்று எவராவது சொன்னால் நாக்கு அழுகிவிடும். புதுக் கட்டடம், ஆளுயர மதில், மதிலுக்கு இரும்பு கேட், கேட்டுக்கு மேலே வளைவு. ஒரே ஒரு குறைதான், கணக்கு வாத்தியார் கிடையாது. இருந்த ஒருவரும் பாதி வருடத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். பொதுத்தேர்வு நெருங்குகிறது. கணக்கில் தவறினால் இந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் படிப்பு அதோடு சரி. தலைமையாசிரியையான நானே நடத்தலாம் என்றால், நான் படித்தது வரலாறு. கரும்பலகையில் நான் கணக்குப் போட ஆரம்பித்தாலே பிள்ளைகளுக்குப் பேயறைந்த முகம்.

மேலிடத்தில் போய்க் கேட்டேன்.

"சம்பளத்துக்கு நிதி இல்லம்மா. கட்டடத்துக்கு இருக்கு, வேணும்னா சீக்கிரம் கேளுங்க" என்றார் அதிகாரி. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுகிற கூட்டம்.

பிறகு, கல்விக்குச் செய்யும் செலவால் நாடு வளர்கிறதா என்று ஆராய ஒரு பொருளாதார நிபுணர் வந்தார். வகுப்பறைப் பக்கம் தலைகூடக் காட்டாமல் நேராகக் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே சிமென்ட் கடை இரண்டாகியிருந்தது. எங்கள் கட்டடத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் மாடிவீடு கட்டியிருந்தார். கணக்கு வழக்கு பார்க்க, பள்ளியைவிட இரு மடங்கு சம்பளத்தில் ஒரு பட்டதாரியை வைத்திருந்தார். வேறு யார், எங்கள் கணக்கு வாத்தியார்தான்!

நிபுணருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்? படிச்சவருக்கு நல்ல வேலை, ஊருக்குள்ள பணப்புழக்கம். எல்லாம் கல்விக்குச் செலவு பண்ணதோட பலன்!"

"ஆமா சார், வாத்தியார் வளந்துட்டார். பசங்க?"

"அது அடுத்த கட்ட ஆய்வு, டீச்சர்."

அவருடைய அறிக்கை போன வேகத்தில் இன்னும் இரண்டு வகுப்பறைகளுக்கு அனுமதி வந்தது. ஒப்பந்தமும் அதே ஒப்பந்தக்காரருக்குத்தான்.

ஒரு நாள் காலை வாத்தியார் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். பத்தாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொங்கியது.

"சார் வந்துட்டாரு! சார் வந்துட்டாரு!"

ஒருத்தி நோட்டோடு ஓடிப் போய் மூச்சிரைக்க நின்றாள்.

"சார், இந்த ஒரு கணக்கு மட்டும் சொல்லிக் குடுங்க சார்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அதன் நுனியை அவளிடம் நீட்டினார்.

"இதப் புடிம்மா. அந்தச் சுவர் ஓரமாப் போய் நில்லு."

அவள் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய் நின்றாள்.