கஞ்சி போட்ட ரைடிங் ஜாக்கெட்

மழை வருவதற்குள் துணி எடுக்கலாமென்று ராஜாராமன் மொட்டைமாடிக்கு ஏறியபோது, மாப்பிள்ளையின் ரைடிங் ஜாக்கெட் அங்கே நின்றுகொண்டிருந்தது. கொடியில் தொங்கவில்லை. கைகளை இரண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டியில் லேசாகச் சாய்ந்து, உள்ளே ஆள் இருப்பதுபோல நின்றது.

அவர் கிட்டே போய்த் தோளில் ஒரு தட்டு தட்டினார். அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வந்தது.

"ஜலஜா!"

கீழே இருந்து மனைவி வந்தாள். முகத்தில் பெருமை.

"துவைச்சேங்க. பாவம், நாலு வருஷமா தண்ணியே காட்டலை போல. பக்கெட்டுல முக்கினா சாக்கடைத் தண்ணி மாதிரி வந்துச்சு. சோப்புத் தூள் ரெண்டு தரம். வாசனைக்கு கம்ஃபர்ட். அப்புறம் கஞ்சி."

"கஞ்சியா?"

"மாப்பிள்ளை துணி. சும்மா அலசிப் போட்டா நல்லாவா இருக்கும்?"

ஜலஜாவின் வீட்டில் கஞ்சிக்குத் தப்பிய துணி கிடையாது. ராஜாராமனின் கைக்குட்டையை நாலாக மடித்தால் தபால் அட்டையாக உபயோகிக்கலாம். திருமணமான முதல் வாரத்தில் ஒரு லுங்கி அவரைக் கீறியது. முப்பது வருடமாக அதைப்பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதைப்பற்றியும் அதிகம் சொல்லுகிறவரில்லை.

ஆனால் இது வேறு விஷயம். ராணுவத்துக்குப் போகும் மழைக்கோட்டுகளையும் கூடாரத் துணிகளையும் பரிசோதித்து, தேறும், தேறாது என்று எழுதுவதுதான் அவருக்கு முப்பத்தொரு வருட உத்தியோகம். ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து ஜாக்கெட்டின் மார்பில் மெல்ல ஊற்றினார். நல்ல துணியென்றால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓட வேண்டும். இது ரசத்தில் போட்ட அப்பளம்போல ஒரு நொடி யோசித்துவிட்டு எல்லாவற்றையும் குடித்துவிட்டது.

"போச்சு," என்றார்.

மாப்பிள்ளை கிருஷ்ணபிரசாத் பெங்களூரிலிருந்து பைக்கிலேயே வந்திருந்தான். மகள் ஹம்ஸினி முன்னாடியே ரயிலில் வந்துவிட்டாள். இருவரும் காலையில் நகரத்தின் மறுகோடியில் பட்டான்செருவில் இருக்கும் அவளுடைய சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாளை ஞாயிறு காலை எட்டு மணிக்கு அவன் திரும்பக் கிளம்புகிறான். கர்னூல் வரைக்கும் மழை என்று டி.வி.யில் சொல்லியிருந்தார்கள். ஒன்பது மணி நேரம், கஞ்சித் தண்ணீர் சொட்டச் சொட்ட.

"அவர்ட்ட சொல்லிடாதீங்க," என்றாள் ஜலஜா. இப்போது அவள் முகத்தில் பெருமை இல்லை. "கல்யாணமாகி பத்து மாசத்துல இப்பதான் முதல் தரம் வந்து தங்கியிருக்கார். மாமியார் கோட்டைக் கெடுத்துட்டாங்கற பேர் எனக்கு வேண்டாம். நீங்கதான் சரி பண்ணணும். இதுதானே உங்க வேலை?"

"என் வேலை தப்பு கண்டுபிடிக்கிறது. சரி பண்றது கம்பெனிக்காரன்."

"இன்னிக்கு நீங்கதான் கம்பெனி."

ராஜாராமனுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. காரணம், அவனும் பேசமாட்டான். பத்து மாதத்தில் இருவருக்கும் நடுவே "வாங்க", "சாப்டீங்களா", "சரிங்க மாமா" என்ற அளவில்தான் போக்குவரத்து. நேற்று மாலை பால்கனியில் இரண்டு மணி நேரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சொல் இல்லை. அவ்வளவு நிம்மதியான மாலை ராஜாராமனுக்குச் சமீபத்தில் வாய்த்ததில்லை. அப்படிப்பட்டவனை நனைத்து அனுப்பி, அவன் இனிமேல் இந்தப் பக்கமே வராமல் போய்விட்டால்?

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உப்பல் கடைவீதிக்குப் போனார். அங்கே சாய்குமார் என்பவர் பைக் ஓட்டுகிறவர்களுக்கான ஹெல்மெட், கையுறை, கோட்டு எல்லாம் விற்கும் கடை வைத்திருந்தார். அம்மா வழியில் தமிழ்; பேச்சில் உள்ளூர் உருது கலந்து வரும். ராஜாராமன் சொன்னதைக் கேட்டு அவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கைக்கு சார், எதுக்குக் கஞ்சி? இது பைக் ஜாக்கெட்டா, பட்டு வேட்டியா? கம்ஃபர்ட் வேற! ஆமா சார், கம்ஃபர்ட் போட்டா துணி தண்ணியை வா வான்னு கூப்பிடும்."

"வழி?"

"இந்த பாட்டில்ல இருக்கற லிக்விடை ஊத்தித் துவைங்க, சோப்புத் தூள் நக்கோ, வேண்டவே வேண்டாம். அலசுங்க. தண்ணி கண்ணாடி மாதிரி வரணும், அதுவரை அலசுங்க. ஈரமா இருக்கும்போதே இந்த ஸ்ப்ரே. காய வெச்சு, மேல ஒரு துணி போட்டு, லேசான சூட்டுல அயர்ன். சூடு பட்டாத்தான் மருந்து பிடிக்கும். ஆன்ட்டிகிட்ட குடுக்காதீங்க. திரும்பக் கஞ்சி போட்ருவாங்க."

வீட்டுக்கு வந்து குளியலறையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். தோளுக்கும் முழங்கைக்கும் முதுகுக்கும் உள்ளே வைக்கும் காப்புப் பட்டைகளை ஜலஜா துவைக்குமுன்பே எடுத்துவிட்டிருந்தாள். முதுகுப் பட்டை மட்டும் காணவில்லை. தேடிப் பார்த்தபோது அதன்மேல் தண்ணீர்க் கேன் உட்கார்ந்திருந்தது.

"ஆடாம நல்லா நிக்குதுங்க," என்றாள் அவள்.

பதினோரு தடவை அலசினார். ஐந்தாவது தடவைவரை வடிகஞ்சி வந்தது. ஸ்ப்ரே அடித்தார். மின்விசிறியின் கீழே காயவைத்து, தன்னுடைய பழைய துண்டு ஒன்றை மேலே விரித்துத் தேய்த்தார். ஏழு மணிக்குப் பிள்ளைகள் திரும்பி வந்தபோது ஹம்ஸினி கேட்டாள்:

"அம்மா, கிருஷ்ணா ஜாக்கெட் எக்கட?"

"அப்பா ரூம்ல இருக்கு."

"அப்பா ரூம்லயா? ஒய்?"

"பார்த்துகிட்டிருக்கார்."

ஹம்ஸினிக்கு அது போதுமான பதிலாக இருந்தது. அப்பா எதையாவது மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த வீட்டில் சகஜம்.

ஞாயிறு காலை ஆறரைக்கு இறுதிப் பரிசோதனை. குவளைத் தண்ணீரில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பனியன்மேல் பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் ஜாக்கெட்டைப் போட்டு, கழுத்துவரை ஜிப்பை இழுத்து, வேட்டியோடு ஷவரின் கீழே நின்றார். தண்ணீர் ஜாக்கெட்டின்மேல் விழுந்து மணி மணியாக ஓடியது. அழகு. பத்து நிமிடம் நிற்பதென்று தீர்மானித்தார். தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க, கண்ணை மூடினார். ஆழமான ஓர் அமைதி வந்தது.

கதவைத் தாழ்ப்பாள் போட மறந்திருந்தார்.

துண்டோடு வந்த கிருஷ்ணபிரசாத் கதவைத் திறந்தான். நின்றான். மாமனார் தன்னுடைய ஜாக்கெட்டில் குளித்துக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஷவர் மட்டும் பேசியது.

"இன்னும் மூணு நிமிஷம் இருக்கு," என்றார் ராஜாராமன்.

"சரிங்க மாமா."

அவன் கதவருகிலேயே நின்றான். மூன்று நிமிடம் கழித்து ராஜாராமன் ஷவரை மூடி, ஜிப்பை இறக்கி, செய்தித்தாளைப் பார்த்தார். மார்பு, முதுகு, வலது தோள் எல்லாம் காய்ந்த காகிதம். இடது தோளில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம்.

இதை அவனுக்குக் காட்டாமல் கசக்கிப் போட்டுவிடலாம். எட்டு மணிக்கு அவன் கிளம்பிவிடுவான். ஜலஜாவுக்கும் பேர் கெடாது. ஆனால் ஒரு முறை ஒரு கம்பெனி முதலாளி எதிரே உட்கார்ந்து அழுதபோதுகூட ராஜாராமன் நனைந்த கோட்டுக்குத் தேறும் என்று எழுதியதில்லை.

"இது தேறலை மாப்பிள்ளை," என்றார். பிறகு, பத்து மாதத்தில் முதல்முறையாக, மூச்சு விடாமல் பேசினார். "அத்தை துவைச்சுட்டா. சோப்புத் தூள், கம்ஃபர்ட். நான் சரி பண்ணப் பார்த்தேன். மத்த இடமெல்லாம் பிடிச்சிருக்கு, இடது தோள்ல கோட்டை விட்டுட்டேன். சொல்லக்கூடாதுன்னு சொன்னா. இதைப் போட்டுகிட்டு நீங்க போகக்கூடாது."

"கஞ்சியும் போட்டாங்களா மாமா?"

"எப்படித் தெரியும்?"

"நேத்து நான் கழட்டிப் போட்ட சாக்ஸ் நின்னுகிட்டிருக்கு."

ராஜாராமன் தலை குனிந்தார். கிருஷ்ணபிரசாத் செய்தித்தாளை வாங்கி ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"இடது தோள் நீங்க விட்டது இல்லை மாமா. உள்பக்கம் தையல்மேல ஒட்டியிருந்த டேப் பிஞ்சுபோச்சு. ரெண்டு வருஷமா ஒழுகுது."

"ரெண்டு வருஷமா நனைஞ்சுகிட்டேவா ஓட்டறீங்க?"

"ஒரு தோள்தானே மாமா."

"யார்ட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலை."

ராஜாராமன் செய்தித்தாளைத் திரும்ப வாங்கி ஈரத்தை இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். அவர் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சமையலறையிலிருந்து ஜலஜா எட்டிப் பார்த்து, நிலைமையைப் புரிந்துகொண்டு, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"அந்த டேப் உப்பல்ல கிடைக்கும்," என்றார் ராஜாராமன் கடைசியில். "ஒட்டினா ஒரு நாள் காயணும். நாளைக்குக் கிளம்புங்க. ஆபீஸ்ல சொல்லிடுங்க."

"என்ன காரணம் சொல்றது மாமா?"

"இன்ஸ்பெக்ஷன்ல நிக்குதுன்னு சொல்லுங்க."

பிற்பகலில் இருவரும் ஜாக்கெட்டை உள்பக்கம் வெளியே வரத் திருப்பிப்போட்டு, ஒருவர் இழுத்துப் பிடிக்க ஒருவர் டேப்பை வைத்துச் சூடு கொடுத்து ஒட்டினார்கள். ஒரு மணி நேரம் ஆனது. வெளியே நல்ல மழை. ஹம்ஸினி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் அம்மாவின் காதில் சொன்னாள்:

"ரெண்டு பேரும் ஒண்ணுமே பேசலைம்மா. பட் தே லுக் ஸோ ஹேப்பி."

உள்ளே கிருஷ்ணபிரசாத் டேப்பின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திவிட்டு நிமிர்ந்தான்.

"நாளைக்கு ஷவர்ல நான் போட்டுகிட்டு நிக்கறேன் மாமா."

"நக்கோ," என்றார் ராஜாராமன். "கோட்டுக்குச் சொந்தக்காரனே டெஸ்ட் பண்ணினா செல்லாது."