மந்திரி பார்த்த கடற்பஞ்சு

அறுபது கோடி ஆண்டுகளாகக் கடல்களைச் சுத்தம் செய்து, பவளத்தையும் மீனையும், அவற்றின் வழியே மனித குலத்தையும் வாழவைத்துக்கொண்டிருக்கும் மகத்தான உயிர் கடற்பஞ்சு. யங்கூன் கல்லூரி ஒன்றில் இருந்த கடற்பஞ்சு, ஊறவைத்த தேயிலை விற்ற பழைய ஜாடியில் பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தது. அதைப் படிக்கவும் ஆள் இல்லை. மாணவர்கள் ஊர்வலம் போனதற்காகக் கல்லூரியை மூடி இரண்டாவது வருஷம். ஆசிரியர்கள் மட்டும் தினமும் வந்து கையெழுத்துப் போட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

விலங்கியல் ஆசிரியர் தியாகராஜனின் மகன் அழகுவும் ஊர்வலத்தில் போனவன். சிறையில் அவன் ரத்தமாக இருமுகிறான் என்று போன வாரம் தகவல் வந்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியில் கடல்வளக் கண்காட்சியைத் திறக்க மந்திரி வருவதாக அறிவிப்பு வந்தது. கடற்பஞ்சைப் பற்றித் தியாகராஜன் பேச வேண்டும். அவர் மனைவி காமாட்சி பர்மிய மொழியில் ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து, மனப்பாடம் பண்ண வைத்தாள்: ‘என் மகனை ஆஸ்பத்திரிக்கு மாற்ற உத்தரவிடுங்கள்.’

“பேச்சு முடிஞ்சதும் ஏதாவது வேணுமான்னு கேப்பாரு. எல்லா ஊர்லயும் கேக்குறாரு, டிவியில பாத்தேன். அப்பச் சொல்லிடுங்க. பஞ்சைப் பத்தி என்ன வேணா உளறுங்க. இதுல உளறாதீங்க.”

பேச்சை முதலில் அலுவலக மேலாளர் பர்கத்துல்லா சிவப்புப் பேனாவோடு படித்தார். பர்மாக்காரர்கள் போல ஆசிரியர்களை அவரும் ஸயா என்றுதான் கூப்பிடுவார்.

“ஸயா, இதுக்கு மூளை இல்லைன்னு எழுதியிருக்கீங்க.”

“இல்லையே. நரம்பும் கிடையாது.”

“அதை மந்திரி எதிர்லயா சொல்றது?” கோடு போட்டு அடித்தார். “‘உட்கார்ந்த இடத்தை விட்டு நூற்றுக்கணக்கான வருஷம் நகராது.’ யாரைச் சொல்றீங்க?”

“பஞ்சை.”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.” அதையும் அடித்தார். “இது என்ன, துணியில வச்சுப் பிழிஞ்சு துணுக்குத் துணுக்காப் பிரிச்சாலும்...”

“தண்ணியில விட்டா எல்லாம் தேடி வந்து மறுபடி ஒண்ணாக் கூடிக்கும். திரும்பப் பஞ்சாயிடும். அதுதான் இதோட அதிசயமே.”

“இந்த ஊர்ல அஞ்சு பேருக்கு மேல கூடுனா உள்ள போடுறான். இதுல எத்தனை கூடும்?”

“லட்சக்கணக்குல.”

பர்கத்துல்லா அந்தத் தாளையே கிழித்தார்.

மிஞ்சியதைத்தான் தியாகராஜன் பேசினார். உடம்பெல்லாம் துளை, துளைகள் வழியே தண்ணீரை இழுத்து, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளைத் தின்று, சுத்தமான தண்ணீரை உச்சி வழியே வெளியே விடும். இறாலுக்கும் சிறு மீனுக்கும் வீடு கொடுக்கும்.

“ஓய்வு எடுக்குமா?” என்று மந்திரி கேட்டார்.

“அநேகமாக எடுக்காது.”

“சத்தம் போடுமா?”

“வாயே கிடையாது.”

மந்திரியின் முகம் மலர்ந்தது. நாட்டு மக்கள் அனைவரும் கடற்பஞ்சைப் போல் வாழ வேண்டும் என்று அங்கேயே அறிவித்தார். பர்கத்துல்லா முதலில் கைதட்டினார். ஜாடிக்கு மாலை போட்டார்கள். பத்திரிகைக்காரர்கள் அதைப் படம் எடுத்தார்கள்.

பிறகு மந்திரி திரும்பி, “ஏதாவது தேவையா, ஸயா?” என்றார்.

பல வருஷ அரசாங்க உத்தியோகத்தில் இந்தக் கேள்வியை எத்தனையோ அதிகாரிகள் தியாகராஜனிடம் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நாடு முழுவதும் ஒரே பதில்தான். புதிதாக வேலைக்குச் சேருகிறவன் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்வான். காமாட்சியின் வாக்கியம் அவர் நினைவில் முழுசாக இருந்தது, ஒரு சொல் பிசகாமல். அவர் மரியாதையாகக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டார்.

“உங்கள் தயவில் எல்லாம் வசதியாக இருக்கிறது” என்றார்.

மந்திரி அடுத்த மேசையில் இருந்த சங்கைப் பார்க்கப் போனார்.

போட்டாதாங் பேட்டையில், வீட்டு மாடிப்படியிலேயே காமாட்சி காத்திருந்தாள்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“பாக்கலாம்னாரு.”

காமாட்சி சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகத் தூக்குச்சட்டியைத் தேடி எடுத்துத் தேய்த்து வைத்தாள். அவருக்கு இலை போட்டாள்.

அன்றைக்கு மீன்குழம்பு. தியாகராஜன் இரண்டாவது தடவையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்.