ஊசிப் படிகங்கள்

முதல் முறை அந்த மருந்து ஊசி ஊசியாகத்தான் விளைந்தது. அதைப் பொடித்து எலிகளுக்கு ஊட்டியபோது, அவற்றின் ரத்தத்தில் குடியிருந்த ஒட்டுண்ணிகள் இருந்த இடம் தெரியாமல் போயின. ஆய்வு மாணவிக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியர் அன்று முழுக்க அவளை டாக்டரம்மா என்றே கூப்பிட்டார்.

படிகத்தின் உள்ளமைப்பை எக்ஸ்ரேயில் படம் பிடிக்க வேண்டியிருந்தது. ஊசிகளோ மயிரிழை போல மெலிந்து கிடந்தன. கொஞ்சம் பருமனாக வளர்த்துவிடலாம் என்ற ஆசையில் அவள் கையிலிருந்த ஊசிகள் முழுவதையும் சூடான எரிசாராயத்தில் கரைத்து ஆற வைத்தாள். ஒரு சிட்டிகைகூட எடுத்து வைக்கவில்லை. ஆறிய பிறகும் குடுவையில் ஒன்றும் விழாததால், அந்த லேபில் எல்லோரும் செய்வதுபோல, கண்ணாடிக் குச்சியால் உட்சுவரைச் சுரண்டினாள். மளமளவென்று விழுந்தது. ஆனால் ஊசி இல்லை. கற்கண்டு மாதிரி குட்டிக் குட்டிக் கட்டிகள்.

எக்ஸ்ரே பார்த்தவர் படம் பிரமாதம் என்றார். மூலக்கூறு அதேதான், அடுக்கு மட்டும் வேறு. இடைவெளியே இல்லாமல் செங்கல் அடுக்கினாற்போல் இறுகிக் கிடந்தது. அந்த இறுக்கத்தால் எலியின் வயிற்றில் கரையாமல், போன மாதிரியே வெளியே வந்தது. ஒட்டுண்ணிகள் சௌக்கியமாக இருந்தன.

அன்றிலிருந்து ஊசி வரவேயில்லை. கட்டியின் தூசு கண்ணுக்குத் தெரியாத அளவு விழுந்தாலும் போதும், கரைசலில் உள்ளதெல்லாம் அதைப் பார்த்து அப்படியே அடுக்கிக்கொள்ளும். அவளோ மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கட்டிகளைப் பொடித்திருந்தாள். குடுவைகளை மாற்றினாள், மேல் மாடி லேபுக்குப் போனாள், பக்கத்துக் கட்டடத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு மேசை வாங்கினாள். அவள் கால் வைத்த இடத்திலெல்லாம் கட்டிதான். தலைமுடியிலா, நகக்கண்ணிலா, கைப்பையின் தையலிலா, எதில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. தேய்த்துத் தேய்த்துக் குளித்ததில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

பேராசிரியர் குரலை உயர்த்தவில்லை. "தப்பு யாருக்கும் வரும்மா. முதல்ல வந்த முடிவு தப்புன்னு எழுதிக் குடுத்துடு. இல்லன்னா நீ இட்டுக்கட்டினதாதான் பேசுவாங்க. என்னையும் சேர்த்து" என்றார்.

எழுதிக் கொடுத்தால் மருந்தும் போயிற்று, அவள் படிப்பும் போயிற்று. எழுதாவிட்டால் பொய்க்காரி.

மிச்சம் இருந்தது ஒரே இடம். நாத்தனார் வேறு ஊரில் ஒரு சின்னக் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுத்தாள். தூசு அங்கேயும் ஒட்டிக்கொண்டு போய்விடுமோ என்று அந்த வீட்டுப் பக்கம் போவதை இவள் கொஞ்ச காலமாகவே தவிர்த்து வந்தாள். கணவன் கப்பலில் இருந்ததால், ஏன் வரவில்லை என்பதற்குச் சாக்குச் சொல்லவும் ஆளில்லை. நாத்தனார் பிள்ளையின் பிறந்தநாளுக்கும் போகாமல் இருந்தபோது தொலைபேசியில் இடி விழுந்தது.

"எங்க வீட்டு வாசல் இப்ப ரொம்பச் சின்னதா தெரியுதோ, அண்ணி?"

இவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அண்ணி என்றால் ஒட்டிக்கொள்வதுதான் வழக்கம், இது ரொம்பவே ஒட்டுகிறதே என்றாள். பிறகு வேண்டிய ரசாயனங்களையெல்லாம் தன் கல்லூரியிலேயே எடுத்துக்கொண்டாள். இவள் கைப்பட்ட ஒரு காகிதத்தைக்கூட வாங்கவில்லை. இவள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். ஊசி வந்தது.

பேராசிரியர் நம்பவில்லை. புகைப்படத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், நேரில் பார்க்காமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். அவர் சட்டையிலும் அதே தூசுதான் இருக்கும் என்று அவள் எவ்வளவோ சொன்னாள். பேய் பிசாசுக் கதையெல்லாம் வேண்டாம் என்று காரை எடுத்தார். கூடப் போகாவிட்டால் அவரைத் தடுக்க ஆளில்லை. போனால் தூசு இரண்டு பங்கு. போனாள்.

கல்லூரி லேபின் கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. மூடிய கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் நாத்தனார் வெள்ளைக் கோட்டில் நின்று கும்பிட்டாள். அவர் கதவைத் தட்டினார். அவள் திறக்கவில்லை.

"சார், என் அண்ணியையே நான் உள்ள விடறதில்ல. நீங்க யாரு? அங்கிருந்தே பாருங்க, முதல்லருந்து செய்யறேன்."

அவருக்கு முகம் சிவந்தது. திரும்பிப் போகலாம் என்று படி வரை போனவர், எதை நினைத்தாரோ, வந்து ஜன்னலோரம் நின்றார். உள்ளே கரைசல் கொதித்தது, வடிகட்டியில் இறங்கியது, ஐஸில் உட்கார்ந்தது. ஆய்வு மாணவி ஜன்னலிலிருந்து விலகி எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றாள். மூச்சு விடவே பயமாக இருந்தது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு நாத்தனார் குடுவையை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டினாள். அடியிலிருந்து ஊசி ஊசியாகக் கிளம்பி, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, திரவம் முழுக்கப் பரவியது. பேராசிரியரின் நெற்றி கண்ணாடியில் முட்டியது.

"எலி லேபுக்கு இங்கருந்தே அனுப்பச் சொல்லு. எக்ஸ்ரேக்கும்தான். நாம தொட வேண்டாம்" என்றார் கடைசியில். அவளைத் திரும்பிப் பார்க்காமலே, "கையெழுத்துப் போடறேன். ஆனா இனிமே இதைச் செய்யறது அந்தப் பொண்ணுதான். உன்னால முடியாது, புரியுதா?" என்றார்.

அவளுக்கு எப்போதோ புரிந்திருந்தது.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. நாத்தனார் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து, "அண்ணி!" என்று இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தாள்.

"வராத" என்றாள் இவள். "நீ திரும்ப உள்ள போகணும்."

நாத்தனார் வாசற்படியில் நின்றுவிட்டாள். விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் கோட்டுப் பைகளுக்குள் விட்டுக்கொண்டாள். இவள் அங்கிருந்தே அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இன்னும் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.