பூஜையில் வைத்த கியர்பாக்ஸ்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது தீபாவளி மலருக்காக எழுத ஆரம்பித்த கதை. 1974 ஐப்பசி. ‘சிரிப்பா ஒண்ணு குடுங்க’ என்று ஒரு பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். கையில் சரக்கு எதுவும் இல்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே என் வீட்டுச் சொந்தக்காரர் அய்யாதுரை ஒரு பழைய வேனிலிருந்து கியர்பாக்ஸை இறக்கிக்கொண்டிருந்தார். சிரிப்புக்கு இது போதாதா என்று உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘ராஜா அண்ணாமலைபுரத்திலேயே வேனுக்குள் கட்டில் வைத்திருந்த ஒரே மனிதர்...’ (அடித்துவிட்டேன். இன்னொருவர் வைத்திருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் போடுவார்.)

இரண்டாம் தொடக்கம்: ‘கியர்பாக்ஸ் என்பது மனித மனத்தைப் போன்றது.’ (இதை அடித்த வேகத்தில் நிப் வளைந்தது.)

2

அய்யாதுரைக்குத் திருச்செந்தூர் பக்கம். தி.நகரில் ஜவுளிக்கடை. அவர் வீட்டின் பின்பகுதியில் நான் வாடகைக்கு இருக்கிறேன். இது கதைக்கு முக்கியம், பிறகு தெரியும். வேன் கோடம்பாக்கத்தில் ஏதோ சினிமா கம்பெனியிடம் வாங்கியது. உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, அலமாரி, திரை மாட்டக் கம்பி எல்லாம் உண்டு. படுத்துக்கொண்டே ஊருக்குப் போகலாம்.

ஊருக்குப் போகத்தான் வாங்கினார். மனைவி சுந்தரவல்லியின் அண்ணன் வெள்ளைத்துரை தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். சுந்தரவல்லி பிறந்த வீட்டுக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. காரணம், பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு விசேஷத்தில் வெள்ளைத்துரை அய்யாதுரையை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். முதல் பந்தியில் இலை இல்லையாம். அன்று எழுந்து வந்தவர்தான்.

இப்போது கல்யாணப் பத்திரிகை வந்ததும், இரண்டு பேரும் போகலாம் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்தார். போனால் சேர்ந்து போவது, இல்லாவிட்டால் யாரும் போவதில்லை.

(இந்தப் பத்தியில் சிரிப்பு குறைகிறது. கியர்பாக்ஸுக்கு வருகிறேன்.)

3

மெக்கானிக் மெஹபூப் பாஷா வண்டியைத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். கியர் விழும்போது கொஞ்சம் கரகரப்பு. வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து எழுந்தார். அப்போது நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன்.

“கியர் பெட்டில கோளாறு ஒண்ணியும் இல்ல அண்ணாச்சி. கிளட்ச் கேபிள்தான் தொங்கிக்கினு கீது. ரெண்டு சுத்து இறுக்கினா கன்னியாகுமரி வரைக்கும் போவும்.”

“இருக்கட்டும் பாய். எதுக்கும் எறக்கிப் பாத்துருவோம்” என்றார் அய்யாதுரை.*

இறக்கியதை மட்டும் ஒழுங்காக எழுத வேண்டும். அவ்வளவு அழகான வேலை. வீட்டில் சங்கிலிக் கப்பி ஏது? கடையிலிருந்து விலைபோகாத வேட்டிக் கட்டுகள் வந்தன. என்ஜினுக்கு அடியில் அவற்றை முட்டுமுட்டாக அடுக்கி, மேலே பலகை போட்டு, போல்டுகளைக் கழற்றி, என்ஜினை அதன்மேல் உட்கார வைத்தார்கள். பிறகு ஒவ்வொரு கட்டாக உருவ உருவ, என்ஜின் மெதுவாகத் தரைக்கு வந்தது. மறுநாள் கியர்பாக்ஸும் அதே வழியில் இறங்கியது. பிரித்துப் பார்த்தார்கள். பல் ஒன்றுகூடத் தேயவில்லை.

* ஜெர்மன் வண்டி, என்ஜின் பின்னால். கியர்பாக்ஸை எடுக்க முதலில் என்ஜினை எடுக்க வேண்டும். வேலை இரண்டு மடங்கு என்று பாஷா சொன்னதும் அய்யாதுரையின் முகம் மலர்ந்ததை நான் கவனிக்கவில்லை என்று முதல் பிரதியில் எழுதியிருந்தேன். கவனித்தேன்.

அவரும் என்னைக் கவனித்தார். ஜன்னலடியில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்: “நீங்க எழுதுறவரு. எதச் சொல்லணும், எத விடணும்னு ஒங்களுக்கு நான் சொல்லணுமா?”

4

சுந்தரவல்லியிடம்தான் எனக்குச் சிக்கல். சிரிப்புக் கதைக்கு அவள் அசடாக இருக்க வேண்டும். புருஷன் சொன்னதை நம்பி, ‘அய்யோ, பெட்டி ரிப்பேராமே’ என்று அங்கலாய்க்க வேண்டும். அப்படித்தான் இரண்டு பக்கம் எழுதினேன்.

ஆனால் என்ஜினும் இல்லாமல், பெட்டியும் இல்லாமல் செங்கல்மேல் நின்ற அந்த வேனுக்குள் அவள் ஏறி உட்கார்ந்து ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியதை நான் பார்த்தேன். அண்ணன் மகளுக்கு எடுத்த பட்டுச் சேலையை அலமாரியில் வைத்தாள். ஒரு மதியம் முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், வண்டி ஓடிக்கொண்டிருப்பதுபோல வெளியே பார்த்துக்கொண்டு. அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

5

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. வியாழன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டால் வெள்ளி விடியலில் புறப்படலாம் என்று பாஷா கணக்குப் போட்டிருந்தார். வியாழன் காலை வந்து பார்த்தால் ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எதையும் காணோம். எல்லாம் பூஜை அறையில் சந்தனமும் குங்குமமுமாக வரிசையாக இருந்தன. நடுவில் கியர்பாக்ஸ், மூன்று பட்டை விபூதியும் சாமந்தி மாலையும் போட்டுக்கொண்டு. சாயங்காலம் வேலை முடிந்த பிறகு வைக்க வேண்டியதை அய்யாதுரை விடியற்காலையிலேயே எழுந்து, தானே புளி போட்டுத் தேய்த்து வைத்துவிட்டார்.

“ஆயுத பூஜையாச்சே பாய்.”

நாளை மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. அதற்குமேல் மாட்டிப் புறப்பட்டால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது. பாஷா என்ன சொல்வார்? அவருடைய ஷெட்டிலும் அன்று அதே சட்டம்தான். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

நானும் பேனாவைப் பூஜையில் வைத்துவிட்டேன். அன்று எழுதக்கூடாது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

6

மலருக்கு ஏற்ற முடிவு ஒன்று தயார்: அவசரத்தில் எதையோ மாற்றி மாட்ட, வேன் நாலு கியரிலும் பின்னாலேயே போகிறது. ஆசிரியர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

நடந்தது வேறு. அன்று சாயங்காலம் சுந்தரவல்லி சுண்டல் கொண்டுவந்தாள். கிண்ணத்தைக் கொடுக்காமல் வாசலிலேயே நின்றாள்.

“அண்ணே, அந்தப் பெட்டியில நெசமாவே பழுது இருந்துச்சா? பாய்கிட்ட கேட்டா, அண்ணாச்சியக் கேளுங்கங்காரு. அன்னைக்கு நீங்க ஜன்னல்லதான் நின்னீக.”

நான் கிண்ணத்துக்குக் கை நீட்டினேன்.

“இருந்துச்சுன்னா நான் அவுக கூடவே இருந்துருதேன். அவுகமேல தப்பில்ல. இல்லேன்னா சொல்லுங்க, இன்னைக்கு ரயிலுக்கே தனியாப் போயிருதேன். திரும்பி வந்தா என்னாகும்னு தெரியும். பரவால்ல.”

நான் வாயைத் திறந்து, “அம்மா, பெட்டியில...”

(இந்த வாக்கியம் எல்லாப் பிரதிகளிலும் இங்கேயே நிற்கிறது.)

முடிவை வாசகருக்கு விடுவது ஒரு உத்தி என்பார்கள். இங்கே அது உத்தி இல்லை, பயம். வீடு அவருடையது, எனக்கு வேறு வீடு இல்லை. நான் சொல்லி முடித்ததை எழுதினால் நீங்கள் என்னோடு பேசமாட்டீர்கள்.

அதனால் என் இடத்தில் உங்களை நிறுத்திவிட்டு நான் உள்ளே போகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும். அவள் உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள். இங்கிருந்து எழும்பூர் ரயில் நிலையத்துக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும். சீக்கிரம் சொல்லுங்கள்.