வெடிப்புக்குள் ஊற்றியது

1

"...கரிசல் குடிச்சிரும்னுதான ஊத்துனேன்? நீயுந்தான கூடச் சேந்து கொடத்தச் சாய்ச்ச!"

"சாய்ச்சேன். இப்ப அவிய பருத்தி கருகி நிக்குது. போயிச் சொல்லிருவோம்ங்கேன்."

"சொல்லு. சொல்லிட்டு, நாளைக்கே தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போ."

கோவில்பட்டியில் பசுவந்தனை பஸ்சுக்கு நின்றபோது என் முதுகுக்குப் பின்னால் நடந்த சண்டை இது. போன வாரம், கார்த்திகை பிறந்த மறுநாள். இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. புருஷன் பெண்டாட்டி இருவரையும் எனக்கு முகம் தெரியும். நான் தினமும் சைக்கிளில் போகிற வழியில்தான் அவர்கள் கொட்டகை. பெயரை மாற்றிவிட்டேன். சொல்லிருவோம் என்றவள் பாலம்மாள். அவன் சோலை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கரிசல் தாயின் மடியில் வஞ்சகம் விதைக்கப்பட்ட அந்தக் கோடையில்..."

அடித்துவிட்டேன். பாலம்மாளுக்கு வஞ்சகம் தெரியாது. வேலைதான் தெரியும்.

மெட்ராசிலிருந்து லாரியில் மூட்டை மூட்டையாக வரும், பழைய டெலிபோன், ரேடியோ, டி.வி. இவற்றுக்குள் இருந்த சர்க்யூட் போர்டுகள். (சோலை 'பச்சத் தகடு' என்கிறான்.) பாலம்மாள் பிரித்துப் போடுவாள். செம்பு ஒரு குவியல், ஈயம் ஒரு குவியல். ஓரத்தில் தங்க முலாம் இருந்தால் கத்தரித்துத் தனியே வைப்பாள். சோலை அதைத் திராவகத்தில் போட்டு முலாமை உரிப்பான். மிஞ்சுவது பச்சை நிறத்தில் திராவகத் தண்ணீர்.

அதை எங்கே கொட்டுவது?

கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மாட்டுக் கம்பை விட்டால் முழுசும் உள்ளே போய்விடும். கொட்டகைக்குப் பின்னால், பக்கத்துக்காரி வெயிலுகந்தம்மாளின் புஞ்சை வரப்போரம் அப்படி ஒரு வெடிப்பு. குடம் குடமாக ஐந்து மாதம் ஊற்றினார்கள். ஐப்பசியில் மழை விழுந்தது. மண் உப்பி, வெடிப்பு மூடிக்கொண்டது. ஊற்றிய இடம் அவர்களுக்கே மறந்துபோயிற்று, பருத்தி முளைத்துக் கருகிக் காட்டும் வரை.

(நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. பருத்தி அதனால்தான் கருகியதா என்று யாராவது கேட்டால்...)

3

சோலையைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. திராவகச் சட்டியில் முதலில் கைவிடுவது அவன்தான். நகமெல்லாம் மஞ்சள். இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல்.

ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றாள் வெயிலுகந்தம்மாள். தனியாள். அந்தப் புஞ்சையை விட்டால் வேறு கதியில்லை.

"ஏளா பாலம்மா, எம் பருத்தியப் பாத்தியா? தெனமும் எம் மூஞ்சியவே பாத்துப் பாத்து அதுக்கு உசுரு வெறுத்துட்டு போல." சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். "பண்ணைக்கீரை மட்டும் தளதளன்னு கெடக்கு. வரப்போரத்துல புடுங்குனேன். இந்தா, ஒனக்கு ஒரு கட்டு."

பாலம்மாளுக்குக் கை நீளவில்லை.

"மதினி, நீங்க இதத் தின்னீயளா?"

"மூணு நாளா அதான் கொழம்பு. ஏன், வெசமா வச்சிருக்கேன்?"

உள்ளே சோலை இருமினான். அது இருமலா, வாயை மூடு என்பதா, இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். பாலம்மாள் கட்டை வாங்கிக்கொண்டாள்.

4

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறாள். ஊரார் வந்து கொட்டகையைப் பிரிக்கிறார்கள். பாலம்மாள்...

முடிவு இரண்டு: சொல்லவில்லை. கீரையைக் குழி தோண்டிப் புதைக்கிறாள். மறுநாளும் ஒரு கட்டு வருகிறது.

மூன்றாவதை யோசிப்பதற்குள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கீரை என் கற்பனை இல்லை. கதையில் நான் வெயிலுகந்தம்மாள் என்று எழுதிய அந்த அம்மாள் நேற்றுச் சாயங்காலம் வரப்பில் குனிந்து பறித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு கட்டு கொண்டு போறீயளா?"

"வேண்டாம்மா," என்று சொல்லி சைக்கிளை மிதித்து வந்துவிட்டேன். அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பாலம்மாளாவது வாங்கிக்கொண்டாள். சொன்னால் அவள் பிழைப்பு போய்விடும். எனக்கு என்ன போகும்?

படிக்கிறவர்களே, இதற்கு முடிவு எழுத என்னால் ஆகவில்லை. நீங்கள் அந்த வழியில் சைக்கிளில் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? எனக்கு ஒரு தபால் கார்டில் இரண்டு வரி எழுதிப் போடுங்கள். இன்றைக்கே போடுங்கள்.