சாப்பாட்டுக் கூடத்துச் சுவர்

துரை வீட்டை இடிக்கவிடாமல் காப்பாற்றியது டீச்சர்தான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோன காலம் ஒன்று இருந்தது.

மரம் வெட்டிக் கப்பலேற்றிய ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டிய மாளிகை அது. நீலக் கொடி ஓடிய பீங்கான் ஓடுகளைச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பாதி உயரத்துக்குப் பதித்திருந்தான். நடுவில் வளைந்து ஏறும் தேக்குப் படிக்கட்டு. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக் கிளம்பிய சமயத்தில், துரையிடம் வேலை பார்த்த டீச்சரின் தாத்தா கைக்கு வீடு வந்தது. மூன்றாம் தலைமுறையில் மிஞ்சியவர்கள் டீச்சரும் தம்பியும்தான். இருவருக்கும் கல்யாணம் கூடி வரவில்லை. தலை முழுக்க நரைத்த பிறகும் தம்பியை ஊரார் 'குட்டி' என்றே கூப்பிட்டார்கள்.

அடுக்குமாடி கட்டுகிறவர் வீட்டைக் கேட்டு வந்தபோது தம்பிக்குச் சபலம் தட்டியது.

"கொடுத்துடலாம்க்கா. ஒழுகாத கூரை, எட்டற தூரத்துல ஒரு கழிப்பறை. எனக்கு வேற என்ன வேணும்? துரையோட பேயைக் கட்டிக்கிட்டு எத்தனை காலம் மாரடிக்கறது?"

"வாயைக் கழுவு. இப்படி ஒரு வீட்டை இனிமே யாராலயாவது கட்ட முடியுமா?"

டீச்சர் விடவில்லை. மரபுக் கட்டடத் துறையின் வாசலில் கால் கடுக்க நின்றாள். பழைய மாணவர்களைப் பிடித்துப் பத்திரிகையில் எழுத வைத்தாள். உரிமையாளர்கள் இருவரும் சம்மதித்தால்தான் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கலாம் என்றார்கள். தம்பி பேனாவை வாங்கினான்.

"உனக்காகத்தான் போடறேன். வீட்டுக்காக இல்ல" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டான். ஜெயித்துவிட்ட பூரிப்பில் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாசல் தூணில் பித்தளைப் பலகை ஏறியது. துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி அடிக்கடி வந்தாள். டீச்சருக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். சின்னக் கத்தியால் சுவர்ச் சாயத்தை ஏடு ஏடாகச் சுரண்டி, "இதோ பாருங்க டீச்சர், துரை முதல்ல அடிச்ச நிறம்!" என்று குழந்தைபோலக் குதிப்பாள். இரண்டு பேருக்கும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

மழை தொடங்கிய சமயத்தில் தம்பிக்குப் பக்கவாதம் வந்தது. ஒரு பக்கக் கையும் காலும் விழுந்துவிட்டன. அவன் அறை மாடியில். வீட்டின் ஒரே குளியலறையும் மாடியில்தான். அதுவும் நீண்ட நடைக்கு அந்தக் கோடியில். டீச்சர் அவன் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு தினமும் இழுத்துப் போனாள். பாதி வழியில் இருவரும் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவனைப் படுக்க வைக்கலாம். அதை ஒட்டிய சாமான் அறையைக் கழிப்பறையாக்கி, நடுச் சுவரில் ஒரு கதவு திறந்தால் போதும். அதிகாரியிடம் கேட்டாள். அதிகாரியின் முகம் வாடியது.

"அந்தச் சுவர்ல கை வைக்க முடியாது டீச்சர். அந்த ஓடு இப்ப எங்கயும் கிடையாது."

"நடையிலயும் மாடிப்படிச் சுவர்லயுமாவது பிடிச்சு நடக்க ஒரு கம்பி?"

"சுவர்ல பதிச்ச அந்த மரப்பலகையில ஆணி அடிக்கத் துறையோட குழு ஒத்துக்காது. மனு கொடுங்க, நான் பேசிப் பாக்கறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "ஒரு செங்கல்கூட மாறக் கூடாதுன்னு கேட்டதே நீங்கதானே டீச்சர்."

அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அதனாலேயே டீச்சருக்குச் சுருக்கென்றது.

விஷயத்தைக் கேட்டுத் தம்பி கோணல் வாயால் சிரித்தான். "நாம துரை வீட்லதான்க்கா குடியிருக்கோம். இப்பதான் உறைக்குதா உனக்கு?"

குழு கூடியது, தள்ளிப் போட்டது, மறுபடி கூடியது. ஒரு காலை, நடையில் வரும்போதே தம்பியின் வேட்டி நனைந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். டீச்சர் அவனுக்கு உடை மாற்றிப் படுக்க வைத்துவிட்டு நேரே போய்க் கொத்தனாரைக் கூட்டி வந்தாள்.

உளி விழுந்ததும் நீல ஓடுகள் பொலபொலவென்று உதிர்ந்தன. ஆளளவு ஓட்டை விழுவதற்குள் யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள். அதிகாரி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"நிறுத்துங்க! என்ன காரியம் பண்ணிட்டீங்க டீச்சர்?"

"என் வீட்டுச் சுவர். என் தம்பிக்கு வழி வேணும்!"

"இனிமே இது உங்க வீடு மட்டுமில்ல!"

வார்த்தை தடித்தது. டீச்சர் வாழ்க்கையில் முதல் தடவையாக அடுத்தவர் முன்னால் வாய்விட்டு அழுதாள். கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அப்போதுதான் படிக்கட்டில் திடுதிடுவென்று சத்தம் கேட்டது.

தம்பி எப்படிக் கட்டிலை விட்டு எழுந்தான், எப்படிப் படிவரை நகர்ந்து வந்தான் என்பது தெரியவில்லை. வளைவில் பிடி தவறிக் கீழ்ப்படிவரை உருண்டிருந்தான். அவன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டது அதிகாரிதான்.

மருத்துவமனையில் அவனுக்கு ஒருமுறை நினைவு வந்தது. டீச்சர் குனிந்து, "ஏண்டா இறங்கின?" என்று கேட்டாள்.

"நீ அழற சத்தம் கேட்டுது" என்றான். "உன்னை யாரோ அதட்டறாங்கன்னு..."

அடுத்த நாள் விடிவதற்குள் போய்விட்டான்.

அதற்குப் பிறகு டீச்சருக்கு அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. மாளிகையைத் துறையிடமே ஒப்படைத்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீட்டுக்குப் போனாள். சுவரை இடித்ததற்காகத் துறை அவள்மீது போட்ட வழக்கை அதிகாரி அலையாய் அலைந்து திரும்பப் பெற வைத்தாள். உதிர்ந்த ஓடுகளைத் தானே உட்கார்ந்து ஒட்டவும் செய்தாள்.

மாளிகையைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது அழைப்பு வந்தது. போகக் கூடாது என்றிருந்த டீச்சர் கடைசி நிமிடத்தில் கிளம்பினாள். எல்லாம் பளபளவென்று இருந்தன. கூடத்துச் சுவரில் ஓட்டை விழுந்த இடம் எது என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. மாடியில் தம்பியின் அறைக்கு வெளியே 'துரையின் படுக்கையறை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே யாரும் படுத்திராத ஒரு பெரிய கட்டில்.

அதிகாரி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இந்தப் பலகையில கீழ கொஞ்சம் இடம் இருக்கு டீச்சர்" என்றாள். "உங்க தம்பியைப் பத்தி ஒரு வரி எழுதட்டுமா? நீங்க சொல்றதை அப்படியே போடறேன்."

டீச்சர் பலகையைப் பார்த்தாள்.

"வேணாம்மா" என்றாள். "அவனுக்கு இந்த வீட்டைப் பிடிக்கவே பிடிக்காது."

பின்னால் ஒரு கூட்டம் அறையைப் பார்க்க வந்து நின்றது. டீச்சர் அவர்களுக்கு வழி விட்டு ஒதுங்கினாள்.