மூலையில் வைத்த வாளி

ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்த வீட்டையே விலைக்கு வாங்க, நானும் கணவரும் வங்கி மேலாளர் முன்னால் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் எங்களைக் காலி பண்ணவைத்து, வீடுகளை வாங்கி விற்கும் ஒரு ஆளிடம் அதைத் தள்ளிவிட்டிருந்தார். அந்த ஆள் நாலே மாதத்தில் பெயின்ட் அடித்து, ஃபால்ஸ் சீலிங் போட்டு, விலையை ஒன்றரை மடங்காக்கிவிட்டார். மகளின் பள்ளி அதே தெருவில். வயிறு எரிந்தாலும் வந்திருந்தோம்.

"மதிப்பீட்டு ரிப்போர்ட் வந்துடுச்சும்மா. கூரையில கசிவு எதுவும் இல்லையாம்," என்றார் மேலாளர்.

எனக்குச் சுருக்கென்றது. "சின்ன ரூம்ல ஜன்னல் பக்கத்து மூலையில, மழை வந்தா வாளி வெப்பேன் சார். ஒன்பது வருஷமும் வெச்சேன்."

"இப்ப புது சீலிங் போட்டிருக்காங்களே."

"கசிவை அடைக்க மொட்டைமாடிக்கு ஒரு ஆளும் ஏறலைன்னு எதிர்வீட்டம்மா சொன்னாங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சுட்டு, அந்தச் சோத்துக்கும் எங்ககிட்டயே காசு கேக்கறாங்க."

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொன்னதை எழுதினா கடன் நின்னுடும். நான் கேக்காத மாதிரி இருந்துட்டா நாளைக்கே கையெழுத்துப் போடலாம். இருபது வருஷக் கடன், யோசிச்சுச் சொல்லுங்க."

கணவர் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"அந்த இருபது வருஷமும் வாளி வெக்கப்போறது நான்தானே சார்," என்று என் பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினேன். "எழுதுங்க."